மணிமாலையால் மலையை அளந்தவர்

இந்த இதழில் நான் எழுதுவது பண்டிட் கிஷன் சிங் பற்றி. இவருக்குக் கிருஷ்ணா என்றும் பெயர் உண்டு. நம்ம கிருஷ்ணகிரியில் இருக்கிற அதே கிருஷ்ணாதான்!

1850 வாக்கில், இன்றைய உத்தரகாண்ட் மாநிலத்தின் மிலாம் என்ற மலைக் கிராமத்தில் பிறந்தார். அப்போது ஆங்கிலேயர் இந்தியா முழுவதையும் அளந்துகொண்டிருந்தார்கள். அந்த வேலை 1802-இல் சென்னை பரங்கிமலையில் தொடங்கி, 1804-இல் நம்ம பக்கத்து பெங்களூர் வரை வந்து, பிறகு இமயமலைக்குப் போனது. அங்கே நின்றுவிட்டது. ஏன் தெரியுமா? திபெத்துக்குள் வெள்ளைக்காரர் நுழையத் தடை. அதனால் மலைவாழ் இந்தியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வியாபாரி போலவும் யாத்திரிகர் போலவும் வேஷம் போட்டு அனுப்பினார்கள்.

இவர்களுடைய அளவு நாடா எது தெரியுமா? கால்தான். ஒரே அளவாக அடி வைத்து நடக்கணும். நூறு அடிக்கு ஒரு மணி வீதம் ஜபமாலையை உருட்டணும். சாதாரண மாலையில் 108 மணி. இவர்கள் மாலையில் கணக்குக்காக 100 மணிதான். பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரத்துக்குப் பதில் குறிப்புக் காகிதம் இருக்கும். பிடிபட்டால் உயிர் மிஞ்சாது.

1878-இல் டார்ஜிலிங்கிலிருந்து கிளம்பினார். லாசாவில் ஒரு வருஷம் தங்கினார். அங்கிருந்து வடக்கே போகும்போது கொள்ளைக்காரர்கள் சரக்கைப் பறித்தார்கள். பிறகு கூட வந்த வேலைக்காரர் ஒருவரும் பணத்தையும் குதிரைகளையும் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார். கடைசிவரை கூட இருந்தவர் சும்பெல் ஒருவர்தான். இருவரும் ஒட்டகம் மேய்த்து வயிறு கழுவினார்கள். துன்ஹுவாங் என்ற ஊரில் சீன அதிகாரி ஏழு மாதம் போகவிடாமல் வைத்திருந்தார். ஒரு லாமா வந்து வேலையாட்களாகச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் விடுதலை. வழியில் குதிரையில் ஏறச் சொன்னபோதும் கணக்கை விடவில்லை. குதிரையின் அடியை எண்ணினார்!

1882 பிப்ரவரியில் தென்மேற்குச் சீனாவின் தார்ச்செந்தோ வந்து சேர்ந்தார். இன்று அதன் பெயர் காங்டிங், சிச்சுவான் மாகாணத்தில் உள்ளது. அதற்குத் தெற்கே 7500 மீட்டருக்கு மேல் உயரமான கோங்கா பனிமலை. ஜூஜூவாடி தாண்டினால் போர்டு எல்லாம் கன்னடத்துக்கு மாறுகிற மாதிரி, இந்த ஊரில் ஒரு பக்கம் சீன மொழி, மறுபக்கம் திபெத்திய மொழி. கூலி ஆட்கள் தேயிலைக் கட்டிகளை முதுகில் சுமந்து மலையேறி வருவார்கள். அதைத் தோலில் கட்டித் திபெத்துக்கு அனுப்புவார்கள். அங்கே இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கிஷன் சிங்குக்குப் பண உதவி செய்தார்.

பிறகு லித்தாங், பாத்தாங் வழியாக நடந்தார். லித்தாங் ஊட்டியைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம். யாங்சி, மீகாங், சால்வீன் என்ற மூன்று பெரிய ஆறுகளைத் தாண்டினார். அசாம் எல்லை பக்கத்தில்தான். ஆனால் நடுவில் இருந்த மிஷ்மி மக்கள் வெளியாட்களை விடமாட்டார்கள். எனவே மறுபடியும் திபெத்தைச் சுற்றி, 1882 நவம்பரில் டார்ஜிலிங் சேர்ந்தார். நாலரை வருஷம், சுமார் 4500 கிலோமீட்டர். கிழிந்த துணியோடு வந்தாலும் குறிப்புகள் பத்திரமாக இருந்தன.

வீட்டில் காத்திருந்த செய்திதான் மனசை உருக்குகிறது. அவருடைய ஒரே மகன் இறந்துபோயிருந்தான்.

அவர் நடையால் என்ன பயன்? திபெத்தின் சாங்போ ஆறு பர்மாவின் இரவாடியில் சேருகிறதா, அசாமின் பிரம்மபுத்திராவில் சேருகிறதா என்று பெரிய சண்டை நடந்தது. இரவாடிக்குப் போனால் அவர் பாதையைக் குறுக்கே வெட்டியிருக்கணும். வெட்டவில்லை. ஆக, அது அசாமுக்குத்தான் இறங்குகிறது என்பதற்கு அவர் பாதை பெரிய சான்றானது. நம்ம சிப்காட்டுக்கு வேலைக்கு வரும் அசாம் அண்ணன்கள் ஊரில் ஓடுகிற ஆறு அதுதான்.

அரசாங்கம் பட்டமும் நிலமும் கொடுத்தது. ஆனால் பயண அறிக்கையில் அவர் முழுப்பெயர் இல்லை. ரகசியத்துக்காக ஏ.கே. என்ற இரண்டு எழுத்துதான். 1921-இல் காலமானார்.

தோழிகளே, சமூக அறிவியல் பாடத்தில் வரைபடத்தைப் பார்க்கும்போது மலையும் ஆறும் வெறும் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஒருவர் அடி அடியாக எண்ணி நடந்திருக்கிறார். அவர் கூடவே சும்பெல்லும் நடந்திருக்கிறார். அந்த இரண்டு பெயரையும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

— 9-ஆம் வகுப்பு மாணவி