ஹைதராபாத் தந்த பெண்குலத் திலகம் – சரோஜினி தேவி

தேர்தல் நாளன்று நம் இல்லத்துப் பெண்மணிகள் காலையிலேயே கிளம்பி வாக்களித்துவிட்டு வருவதை நாம் இன்று சாதாரணமாக எடுத்துக் கொள்கிறோம். இந்த உரிமை தானாக வந்துவிடவில்லை. அதற்காக வாதாடியவர்களில் முதன்மையானவர் ஸ்ரீமதி சரோஜினி நாயுடு.

13-2-1879 அன்று ஹைதராபாத்தில் பிறந்தார். தந்தை அகோரநாத் சட்டோபாத்யாயர் வங்காள பிராம்மணர். எடின்பரோவில் விஞ்ஞானம் பயின்று டாக்டர் பட்டம் பெற்றவர். பின்னாளில் நிஜாம் கல்லூரியான கல்விக்கூடத்துக்கு அடித்தளமிட்டவர். தாயார் வரதசுந்தரி தேவி. சரோஜினி தமது 12-வது வயதிலேயே சென்னை சர்வகலாசாலையின் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தேறினார்.

இளம் பிராயத்திலேயே டாக்டர் கோவிந்தராஜுலு நாயுடுவை மணக்க விரும்பினார். ஜாதி வேறு, பாஷை வேறு. சீர்திருத்தவாதியான தந்தையே முதலில் இசையவில்லை. 1895-ல் நிஜாமின் உதவித்தொகையில் படிப்புக்காக இங்கிலாந்து சென்ற சரோஜினி, 1898-ல் திரும்பினார். மனம் மாறவில்லை. அவ்வாண்டே சென்னையில், கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு முன்னிலையில் திருமணம் நடந்தது. இம்முறை பெற்றோர் தடுக்கவில்லை. அக்காலச் சமூகத்தில் இது எவ்வளவு பெரிய துணிவு என்பதை நம் அங்கத்தினர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நான்கு குழந்தைகளுக்குத் தாயானார். கவிதைகள் எழுதிப் புகழும் பெற்றார். 1908-ல் மூஸி நதி பெருக்கெடுத்து ஹைதராபாத்தைச் சீரழித்தபோது நிவாரணப் பணியில் ஈடுபட்டார்.

வாக்குரிமைப் போராட்டத்தின் முக்கிய கட்டம் நம் சென்னையில்தான் நிகழ்ந்தது. 1917-ல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அவ்வாண்டு டிசம்பர் 18-ஆம் தேதி, இந்தியா மந்திரி மாண்டேகுவைச் சென்னையில் சந்தித்த மாதர் தூதுக்குழுவுக்குத் தலைமை வகித்தவர் சரோஜினியே. வரப்போகும் சீர்திருத்தத்தில் ஆண்களுக்குரிய அதே தகுதியில் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்பதே கோரிக்கை. ஆனால் வாக்குரிமையை ஆராய்ந்த சௌத்பரோ குழு, இந்தியப் பெண்கள் அதற்குத் தயாராகவில்லை என்று ஒதுக்கிவிட்டது.

அம்மையார் சோர்ந்து விடவில்லை. 1919-ல் லண்டன் சென்று பார்லிமெண்ட் கூட்டுக்குழு முன் சாட்சியம் அளித்தார். அவ்வாண்டுச் சட்டம் நேரடியாக உரிமை தராமல், முடிவை மாகாண சட்டசபைகளிடம் விட்டது. 1921-ல் மாகாணங்களுள் முதலாவதாகச் சென்னை அந்த வாசலைத் திறந்தது. சொத்துத் தகுதி இருந்ததால் மிகச் சிலருக்கே பயன்பட்டது. ஹைதராபாத்தோ சமஸ்தானம், அங்கே இச்சட்டம் செல்லாது. ஊருக்கெல்லாம் வாதாடியவரின் சொந்த ஊர்ப் பெண்களுக்கு அப்போது ஒன்றும் கிட்டவில்லை.

1925-ல் கான்பூர் காங்கிரஸுக்குத் தலைமை தாங்கினார். 1931-ல் இரண்டாவது வட்டமேஜை மாநாட்டில், பெண்களுக்குத் தனிச் சலுகை வேண்டாம், வயது வந்த அனைவருக்கும் வாக்கு வேண்டும் என்று வலியுறுத்தினார். 2023-ல் சட்டசபைகளிலும் லோக்சபையிலும் மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கும் சட்டத்திருத்தம் நிறைவேறியது. அம்மையார் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது சிந்திக்கத்தக்கது.

1947-ல் ஐக்கிய மாகாணத்தின் கவர்னரானார். பதவியில் இருக்கும்போதே 2-3-1949 அன்று லக்னோவில் காலமானார். சுதந்திர பாரதத்தின் முதல் பொதுத்தேர்தல் 1951-52-ல்தான் நடந்தது. கோடிக்கணக்கான பெண்கள், ஹைதராபாத் பெண்களும் சேர்ந்து, வாக்களித்த காட்சியைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அடுத்த தேர்தலில் வெயிலைச் சாக்குச் சொல்லி வீட்டிலேயே இருந்துவிடாமல் வாக்களிப்பதே நாம் அவருக்குச் செய்யும் அஞ்சலி.