நர்ஸ் பற்றாக்குறைக்கு சின்னாளப்பட்டியில் விடை தேடிய டாக்டர்: யார் இந்த சௌந்தரம் அம்மா?

நாட்டில் நர்ஸுகள் போதவில்லை என்பது பழைய புகார். 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 157 அரசு நர்ஸிங் கல்லூரிகளுக்கு ஒப்புதல் கொடுத்தது. கல்லூரி ஒன்றுக்கு 10 கோடி, மொத்தம் 1,570 கோடி ரூபாய். இதில் தமிழ்நாட்டின் பங்கு 11 கல்லூரிகள். ஆயிரம் பேருக்கு 3 நர்ஸ் இருக்க வேண்டும் என்பது அடிக்கடி சொல்லப்படும் அளவுகோல். இந்தியாவில் இருப்பது சுமார் 2.

இதைவிடப் பல மடங்கு மோசமாக இருந்த காலம் ஒன்று உண்டு. அரசு அமைத்த ஜோசப் போர் குழு 1946-ல் அறிக்கை கொடுத்தது. அதன் கணக்குப்படி அன்றைக்கு 43,000 பேருக்கு ஒரு நர்ஸ். நாடு முழுக்க எண்ணினாலும் 7,000 பேர்தான். அவர்களில் பெரும்பாலானோர் நகரத்து ஆஸ்பத்திரிகளில் இருந்தார்கள். கிராமத்துக்கு யார்? அந்தக் கேள்வியோடு திண்டுக்கல் பக்கம் வந்தவர்தான் டாக்டர் டி.எஸ்.சௌந்தரம்.

டி.வி.எஸ். வீட்டுப் பெண்

இவரைப் பற்றி எங்கே எழுதினாலும் டி.வி.எஸ். நிறுவனர் சுந்தரம் அய்யங்காரின் மகள் என்றுதான் ஆரம்பிப்பார்கள். உண்மைதான். ஆனால், அதோடு நிறுத்திவிட்டால் இவர் செய்ததில் பாதி மறைந்துவிடும்.

1904 ஆகஸ்ட் 18-ல் பிறந்தார். சிறு வயதிலேயே கல்யாணம். கணவர் சௌந்தரராஜன் ஒரு டாக்டர், மனைவி படிக்க வேண்டும் என்று நினைத்தவர். பிளேக் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தபோது அந்த நோயே அவரையும் கொண்டுபோனது. மதுரையின் ஆசாரமான குடும்பம் ஒன்றில் இளம் விதவை என்றால் அந்தக் காலத்தில் என்ன நிலைமை என்று சொல்லத் தேவையில்லை. சௌந்தரம் மூலையில் உட்காரவில்லை. டெல்லிக்கு ரயில் ஏறினார். பெண்களுக்கு மட்டுமான லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1936-ல் டாக்டராக வெளியே வந்தார். அப்போது வயது 32.

டெல்லியில் கூடப் படித்த தோழி சுசீலா நய்யார் வழியாகத்தான் காந்தியின் அறிமுகம். அங்கேதான் ஜி.ராமச்சந்திரனையும் சந்தித்தார். அவர் நெய்யாற்றின்கரைக்காரர், சாந்திநிகேதனில் படித்தவர். இருவரும் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார்கள். விதவை மறுமணம், அதுவும் வேறு சாதியில். வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை. காந்தியோ ஓராண்டு தொடர்பே இல்லாமல் பிரிந்திருந்து பார்க்கச் சொன்னார். ஓராண்டு போனது, முடிவு மாறவில்லை. 1940 நவம்பரில் காந்தி முன்னிலையில் சேவாகிராமத்தில் கல்யாணம் நடந்தது.

பணம் எங்கிருந்து வந்தது?

1944 பிப்ரவரியில் கஸ்தூர்பா சிறைக்காவலிலேயே இறந்தார். அவர் பெயரில் 75 லட்சம் ரூபாய் திரட்டுவது என்று முடிவானது. சேர்ந்ததோ ஒரு கோடிக்கும் மேல். அந்தப் பணம் கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும்தான் போக வேண்டும் என்பதில் காந்தி கறாராக இருந்தார். தமிழ்நாட்டில் கஸ்தூர்பா அறக்கட்டளையின் வேலையைப் பார்க்கும் பொறுப்பு சௌந்தரத்திடம் வந்தது.

அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவில், சிறுமலை அடிவாரத்தில், அம்பாத்துரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1947 அக்டோபர் 7-ல் அங்கே காந்திகிராமம் தொடங்கியது. நெசவாளர்களின் ஊரான சின்னாளப்பட்டியில் இரண்டே படுக்கைகளோடு ஒரு பிரசவ விடுதியும் திறந்தது. அதுதான் பின்னாளில் நூற்றுக்கணக்கான படுக்கைகள் கொண்ட கஸ்தூர்பா மருத்துவமனை.

இரண்டு படுக்கையை ஒரு டாக்டர் பார்த்துக்கொள்ளலாம். சுற்றியிருக்கும் கிராமங்களை? அங்கே பிரசவம் வீட்டில்தான், பெரும்பாலும் பயிற்சி இல்லாத மருத்துவச்சி கையில். பட்டணத்து நர்ஸ் வருவார் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆகவே, கிராமத்துப் பெண்ணையே எடுத்து, தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து, தொழில் கற்றுக்கொடுத்து, கிராமத்துக்கே திருப்பி அனுப்புவது என்ற வழி. நன்கொடையில் இதை ஆரம்பிக்கலாம், ஆனால் வருஷா வருஷம் தொடர அரசாங்கக் கஜானா வேண்டும்.

அரசும் அப்போது அதே திசையில் நகர்ந்தது. 1951-ல் பஞ்சாபின் தரன் தாரனில், நாட்டின் முதல் துணைச் செவிலியர்–மருத்துவச்சி படிப்பு (ஏ.என்.எம்.) தொடங்கியது. இரண்டு வருஷப் படிப்பு. ஏழெட்டு வகுப்பு படித்திருந்தால் சேரலாம். முழு நர்ஸிங் படிப்புக்குப் பள்ளிக்கல்வி போதாத கிராமத்துப் பெண்ணுக்கு இது ஒரு கதவு. 1952 அக்டோபர் 2 முதல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு ஆரம்ப சுகாதார நிலையங்கள் வந்தன. படித்து முடித்தவருக்கு உட்கார ஒரு நாற்காலியும் கிடைத்தது. நாம் ஊரில் ‘நர்சம்மா’ என்று கூப்பிடுவது இந்த வழியில் வந்தவர்களைத்தான். இன்றைய பதவிப் பெயர் கிராம சுகாதாரச் செவிலியர்.

ஆத்தூர் சோதனை

சௌந்தரம் 1952-லும் 1957-லும் சென்னை சட்டமன்றத்துக்குத் தேர்வானார். அரசு எப்படிப் பணம் ஒதுக்குகிறது என்பதை உள்ளே இருந்து பார்த்தவர். 1959-ல் திண்டுக்கல் பக்கத்து ஆத்தூர் ஒன்றியத்தில் ஒரு முன்னோடி சுகாதாரத் திட்டம் தொடங்கியது (சேலம் பக்கத்து ஆத்தூர் அல்ல). அரசுகளும் ஃபோர்டு அறக்கட்டளையும் கைகொடுத்தன. சுமார் ஒரு லட்சம் பேர் வாழ்ந்த பகுதி அது. ஒரு துணைச் செவிலியர் எத்தனை பேரைப் பார்க்க முடியும், வீடு வீடாகப் போவதா, பெண்களைக் கூட்டிப் பேசுவதா, ஊரில் யார் சொன்னால் எடுபடும் என்பதையெல்லாம் களத்திலேயே சோதித்துப் பார்த்தார்கள். அறுபதுகளில் அந்த ஒன்றியத்தின் பிறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்தது. ஆத்தூர் அனுபவம் என்று நாடு முழுக்க சுகாதாரத் துறையினர் பேசினார்கள்.

அந்தத் திட்டத்திலிருந்து 1964-ல் பிறந்ததுதான் காந்திகிராம ஊரக சுகாதாரம் மற்றும் குடும்பநல நிறுவனம். மத்திய சுகாதாரத் துறையின் நிதியில் நடக்கும் இந்த நிறுவனத்தில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. களப்பணியாளர்களோடு, அவர்களுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியைகளுக்கும் இங்கே பயிற்சி. புதுக் கல்லூரி என்றதும் எல்லோரும் கட்டடத்தைத்தான் கேட்பார்கள், யார் சொல்லிக்கொடுப்பது என்று கேட்பவர் குறைவு.

1962-ல் திண்டுக்கல் மக்களவை உறுப்பினர், அதே வருஷம் பத்மபூஷண், நேரு அமைச்சரவையில் கல்வித் துறை துணை அமைச்சர். 1967-ல் திமுக அலையில் அன்புச்செழியனிடம் தோற்றார். அதோடு தேர்தல் அரசியல் முடிந்தது. திரும்பி வந்த இடம் காந்திகிராமம்தான். 1976-ல் அங்கிருந்த ஊரக உயர்கல்வி நிறுவனம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனதையும் பார்த்தார். 1984 அக்டோபர் 21-ல் காலமானார். 2005-ல் தபால்தலை வந்தது.

இன்றைய சிக்கல் வேறு மாதிரி

அன்றைக்குப் படிப்பை முடித்த துணைச் செவிலியருக்குப் போக ஒரு சுகாதார நிலையம் இருந்தது. இன்றைக்கு நிலைமை அவ்வளவு நேர்க்கோடாக இல்லை. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் 2015-ல் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட நர்ஸுகளுக்கு மாதம் 7,700 ரூபாய்தான். நிரந்தரப் பணி கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் அவர்கள் உட்கார்ந்தது நினைவிருக்கும். ஒருபக்கம் ஆள் பற்றாக்குறை, இன்னொரு பக்கம் படித்தவருக்கு நிரந்தர வேலை இல்லை. கல்லூரி கட்ட ஒரு முறை பணம் ஒதுக்கினால் போதும், சம்பளத்துக்கு மாதா மாதம் ஒதுக்க வேண்டும். அரசுகள் தயங்குவது இரண்டாவதில்தான்.

157 கல்லூரிகளும் முழுமையாக நடந்தால் வருஷத்துக்குச் சுமார் 15,700 பட்டதாரி நர்ஸுகள் வருவார்கள் என்பது மத்திய அரசின் கணக்கு. அத்தனை பேருக்கும் வகுப்பெடுக்க ஆசிரியைகள் வேண்டும். அந்தப் பயிற்சியைத் தரும் இடங்களில் ஒன்று, மதுரை ரோட்டில் திண்டுக்கல்லில் இருந்து அரை மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிறது.