குடியை விட இன்னொரு குடிநோயாளியைத் தேடிய பில் வில்சன்

ஏ.ஏ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட விரும்புவோர் கூடிப் பேசும் அமைப்பாகும். மலேசியா, சிங்கப்பூர் உட்பட ஏறத்தாழ 180 நாடுகளில் அதன் கூட்டங்கள் நடைபெறுகின்றன. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் பில் வில்சன். குடியால் தொழிலையும் பணத்தையும் மானத்தையும் இழந்த அமெரிக்கர் அவர்.

1895ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் தேதி வெர்மோண்ட் மாநிலத்தின் ஈஸ்ட் டோர்செட் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். பெற்றோர் பிரிந்துவிட்டதால் தாய்வழித் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார். நால்வர் கூடும் இடத்தில் கூச்சப்படும் சுபாவம் அவருக்கு. முதல் உலகப் போரின்போது இராணுவ அதிகாரியாக இருந்த காலத்தில் ஒரு விருந்தில் முதன்முறையாக மது அருந்தினார். கூச்சம் பறந்தது. குடி ஒட்டிக்கொண்டது.

1918இல் லோயிஸ் என்ற பெண்ணை மணந்தார். நியூயார்க் பங்குச் சந்தையில் கைநிறையச் சம்பாதித்தார். 1929இல் சந்தை சரிந்தபோது பணம் கரைந்தது. குடி மட்டும் கூடியது. மாமனார் வீட்டில் தங்கி, கடையில் வேலை செய்த மனைவியின் சம்பளத்தில் நாள்களைக் கழித்தார். இனிக் குடிப்பதில்லை என்று வீட்டு பைபிளில் எழுதிக் கையெழுத்திட்டார். ஒரு முறையல்ல, பலமுறை. ஒவ்வொரு முறையும் சத்தியம் தவறியது.

நியூயார்க்கில் குடிநோய்க்குச் சிகிச்சை அளித்த டவுன்ஸ் மருத்துவமனையில் நான்கு முறை சேர்க்கப்பட்டார். இது மனத்திண்மை இல்லாத குறை மட்டுமன்று, ஒரு நோய் என்று அங்கு மருத்துவர் வில்லியம் சில்க்வர்த் அவருக்கு விளக்கினார். 1934 நவம்பரில் பழைய குடித்தோழர் எபி தாட்சர் வீடு தேடி வந்தார். குடிக்காமல் வந்திருந்தார். ஒரு கிறிஸ்துவக் குழுவின் துணையால் குடியை நிறுத்தியதாகச் சொன்னார். மற்றவர்களின் அறிவுரை ஏறாத மனத்தில், தன்னைப்போல் குடித்தவர் சொன்னது தங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 11ஆம் தேதி பில் கடைசியாகக் குடித்தார்.

அதன்பின் குடிகாரர்களைத் தேடிச் சென்று உபதேசம் செய்தார். மாதக்கணக்கில் அலைந்தும் ஒருவர்கூடத் திருந்தவில்லை. ஆனால் அவர் குடிக்காமல் இருக்கிறாரே என்பதை லோயிஸ்தான் சுட்டிக்காட்டினார்.

1935 மே மாதம், தொழில் விஷயமாக ஒஹாயோ மாநிலத்தின் அக்ரோன் நகருக்குச் சென்றார். காரியம் கைகூடவில்லை. கையில் சில டாலர்களே மிச்சம். தெரிந்தவர் யாருமில்லை. தங்கியிருந்த மேஃபிளவர் ஹோட்டலின் ஒரு பக்கம் மதுக்கூடம், அங்கே சிரிப்பொலி. மறுபக்கம் தொலைபேசியும் உள்ளூர்த் தேவாலயங்களின் பட்டியலும். பேசத் தன்னைப்போல் ஒரு குடிநோயாளி கிடைக்காவிட்டால் அன்றிரவே குடித்துவிடுவோம் என்று பில் அஞ்சினார்.

தொலைபேசியை எடுத்தார். ஒரு பாதிரியார் சில பெயர்களைத் தந்தார். ஒவ்வொருவராக அழைத்துப் பார்த்தார். பல அழைப்புகள் பலனளிக்கவில்லை. கடைசியில் ஹென்ரியெட்டா சைபர்லிங் என்ற அம்மையார் கிடைத்தார். குடியால் சீரழிந்துகொண்டிருந்த அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தை அவருக்குத் தெரியும்.

மறுநாள் மாலை இருவரும் அவர் வீட்டில் சந்தித்தனர். கால் மணி நேரம்தான் என்ற நிபந்தனையோடு, கை நடுங்க வந்திருந்தார் பாப். பில் இம்முறை உபதேசம் செய்யவில்லை; தாம் பட்டதை மட்டும் சொன்னார். பேச்சு இரவு 11 மணி தாண்டியும் நீண்டது. இடையில் பாப் ஒருமுறை சறுக்கினார். ஜூன் 10ஆம் தேதி அவர் கடைசியாகக் குடித்த நாளே ஏ.ஏ. பிறந்த நாளாகக் கருதப்படுகிறது. பிறகு இருவரும் மருத்துவமனையில் கிடந்த ஒரு வழக்கறிஞரைச் சந்தித்தனர். அவரும் குடியை விட்டார். இருவர் மூவராயினர்.

1939இல் 12 படிகளை விளக்கும் நூல் வெளிவந்தது. 1941இல் பிரபல வார இதழ் ஒன்று இவர்களைப் பற்றி எழுதியதும், சுமார் 2,000 பேராக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை ஆண்டு இறுதிக்குள் 8,000 ஆனது. குடிப்பவரின் குடும்பத்தாருக்காக 1951இல் லோயிஸ் அல்-அனான் அமைப்பைத் தொடங்கினார்.

பில் குறையில்லாதவர் அல்லர். பல ஆண்டுகள் மனச்சோர்வால் வாடினார். சிகரெட்டை வெகுகாலம் விட முடியாமல் நுரையீரல் கெட்டது. ஆனால் மதுவை மீண்டும் தொடவில்லை. தேடிவந்த யேல் பல்கலைக்கழகப் பட்டத்தையும் மறுத்தார். 36 ஆண்டுகள் குடிக்காமல் வாழ்ந்து, 1971 ஜனவரி 24ஆம் தேதி, தம் திருமண நாளன்றே காலமானார்.

கள்ளுக்கடையும் சம்சுவும் சிதைத்த குடும்பங்களைத் தோட்டப்புறமும் பட்டணமும் நிறையப் பார்த்துவிட்டன. ஏ.ஏ. கூட்டத்திற்குக் கட்டணம் இல்லை. முழுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை. குடியை விட வேண்டும் என்ற எண்ணம் ஒன்றே போதும். நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு போன்ற ஆபத்து வரலாம். முதலில் கிளினிக்கிலோ மருத்துவமனையிலோ மருத்துவரைப் பார்ப்பது நல்லது. அருகில் எங்கே கூட்டம் நடக்கிறது என்பதை அங்கேயே விசாரிக்கலாம். முதல் இடத்தில் பதில் கிடைக்காவிட்டால் அடுத்த இடத்தில் கேட்க வேண்டும். அக்ரோனில் பில் வில்சனும் அதைத்தான் செய்தார்.