தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார்: மூடநம்பிக்கையைச் சாடியவர், சாதியை விடாதவர்

செகிஞ்சான் – கிறிஸ்துமஸ் நெருங்கினால் தமிழ் தேவாலயங்களில் கீர்த்தனைகள் ஒலிக்கத் தொடங்கிவிடும். தோட்டத்துச் சிற்றாலயமானாலும் பட்டணத்துப் பேராலயமானாலும், அங்கே பாடப்படும் பழைய பாடல்களில் பல தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் இயற்றியவை. பாடல்கள் தெரிந்த அளவுக்கு அவரது வாழ்க்கை நம்மவரிடையே பேசப்படுவதில்லை.

சாஸ்திரியார் 1774 செப்டம்பர் 7-ஆம் நாள் பாளையங்கோட்டையில் பிறந்தார். வேளாளர் குடும்பம். தந்தை தேவசகாயம் சைவத்திலிருந்து கிறிஸ்துவத்துக்கு வந்தவர். சபையில் உபதேசியாராகப் பணியாற்றினார். வேதநாயகத்துக்குப் பன்னிரண்டு வயதானபோது, ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்று படிக்க வைத்தார். அதே பாதிரியாரிடம்தான் பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜியும் பாடம் படித்தார். தரங்கம்பாடியிலும் கல்வி பெற்ற வேதநாயகம், இருபது வயதை எட்டும்போதே தஞ்சைப் பள்ளியில் தலைமை ஆசிரியரானார்.

வேதப் புத்தகத்தில் அவருக்கு இருந்த பற்று மிக இறுக்கமானது. தமிழைக் கைவிட்டு அந்தப் பற்றைக் காட்ட வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. குறவஞ்சி, கும்மி, நொண்டி நாடகம் என மக்கள் ரசித்த வடிவங்களிலேயே எழுதினார். 1800-ஆம் ஆண்டளவில் உருவான பெத்லகேம் குறவஞ்சியில் குறத்தி குறி சொல்வதும், பறவை பிடிப்பதும் உண்டு. ஆனால் அங்கே தலைவன் இயேசு. அவர் எழுதிய நூல்கள் நூற்றுக்கும் மேல்.

1814-இல் எழுதிய சாஸ்திரக் கும்மியில் சகுனம், ஜோதிடம், நல்ல நேரம் கெட்ட நேரம் போன்ற வழக்கங்களைக் கேலியும் கண்டனமுமாகச் சாடினார். பெண்கள் கைகொட்டிப் பாடும் கும்மியில் அதைச் சொன்னதால், படிக்கத் தெரியாதவர் காதுக்கும் அது எட்டியது. தஞ்சைப் பெருவுடையார் மீது பாடும்படி மன்னர் கேட்டும், தம் விசுவாசத்துக்கு ஒவ்வாது என மறுத்துவிட்டதாக ஒரு செய்தி வழங்குகிறது. மன்னரின் நட்பு அதனால் முறியவில்லை.

ஆனால் அவரைப் பெரும் சோதனைக்கு உள்ளாக்கியது சபைக்குள் இருந்த சாதி. தஞ்சை சபையில் வேளாளர் ஒரு பக்கமும் ஒடுக்கப்பட்ட மக்கள் மறுபக்கமும் அமர்ந்தார்கள். திருவிருந்திலும் வேளாளருக்கே முதலிடம். சுவார்ட்ஸ் போன்ற பழைய பாதிரிமார் இதை மெல்ல மாறட்டும் என்று விட்டிருந்தார்கள். 1820-களில் வந்த புதிய மிஷனரிமார்கள் இனி இது கூடாது என்றார்கள்.

சாஸ்திரியாரும் அவரைச் சேர்ந்தவர்களும் எதிர்த்து எழுதினார்கள். தங்கள் குறைகளை நான்கு கொடுமைகள் என வகுத்தார்கள். பழகிய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றியது ஒன்று. திருமணம் போன்ற சடங்குகளில் பூவை விலக்கியது இன்னொன்று. ஆராதனையிலிருந்து தமிழ்ப் பாட்டையும் இசையையும் அகற்றியது மற்றொன்று. எல்லாச் சாதியினரையும் திருவிருந்தில் ஒன்றாகக் கலக்கச் சொன்னது நான்காவது.

முதல் மூன்றும் தமிழரின் மொழியையும் பண்பாட்டையும் காக்கும் குரல். நான்காவது அப்படியல்ல. பூவும் பாட்டும் யாரையும் தாழ்த்துவதில்லை. தனிப் பந்தி எதிரில் நிற்பவரைத் தாழ்த்துகிறது. சாதி என்பது உலக வழக்கம், மத விஷயமல்ல என்பது சாஸ்திரியாரின் வாதம். சகுனத்தையும் ஜோதிடத்தையும் உலக வழக்கம் என்று விட்டுவிடாத அவர், சாதிக்கு மட்டும் அந்தச் சலுகையைக் கொடுத்தார்.

1829-இல் மிஷன் அவரை வேலையிலிருந்து நீக்கியது. சரபோஜி மன்னர் அரசவையில் இடம் தந்து ஆதரித்தார். 1832-இல் மன்னரும் மறைந்தார். மறு ஆண்டே, சபையில் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என ஆயர் டேனியல் வில்சன் ஆணையிட்டார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். சாஸ்திரியார் 1864 ஜனவரி 24-இல் தமது 89-ஆம் வயதில் காலமானார்.

அந்த வழக்கு தஞ்சையோடு முடிந்துவிடவில்லை. கங்காணிகள் சொந்த ஊரிலும் உறவிலும் ஆள் சேர்த்து மலாயாவுக்குக் கொண்டுவந்தபோது, சாதியும் கப்பலேறியது. சில தோட்டங்களில் லயங்களே சாதி பார்த்துப் பிரிக்கப்பட்டன. கோயிலுக்குப் போனவர்கள் மட்டுமல்ல, தேவாலயத்துக்குப் போனவர்களும் கல்யாணப் பேச்சு வந்தால் சாதி விசாரித்தார்கள். இன்றும் விசாரிப்பவர்கள் உண்டு.

உறுதியான விசுவாசம் ஒரு சமூகத்தைத் தலைநிமிரச் செய்யும் என்பதற்கு சாஸ்திரியார் சாட்சி. குடி, சூது, மூடநம்பிக்கை என எதைக் கண்டிப்பதானாலும், அதே அளவுகோலை நமக்குச் சௌகரியமான வழக்கத்தின் மீதும் வைக்க வேண்டும் என்பதற்கும் அவர் வாழ்க்கையே சாட்சி. ஒரு காலத்தில் தனித்தனியே அமர்ந்தவர்களின் பிள்ளைகள் இன்று ஒரே வரிசையில் நின்று அவரது கீர்த்தனைகளைப் பாடுகிறார்கள். அந்த வரிசை கல்யாணப் பந்தலிலும் கலையாமல் இருக்க வேண்டும்.