எழுதத் தெரியாமல் கதை சொன்னவர்: வை.மு. கோதைநாயகி அம்மாள்

தமிழ் நாவலின் வரலாற்றை எழுதுபவர்கள் வை.மு. கோதைநாயகி அம்மாளைப் பெரும்பாலும் ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார், ஜகன்மோகினி என்ற சஞ்சிகையை நடத்தினார் என்பதோடு அந்த வரி முடிந்துவிடும். அவரது எழுத்தின் தரம் பற்றிய விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு பெண் எழுதியது அச்சேற வேண்டுமா, இல்லையா என்பதைப் பெரும்பாலும் ஆண்களே தீர்மானித்த காலத்தில், அந்தத் தீர்மானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டவர் அவர். அந்த வகையிலேயே அவரை நான் முக்கியமானவராகக் கருதுகிறேன்.

கோதைநாயகி 1901 டிசம்பர் 1ஆம் திகதி பிறந்தவர். தாயைச் சிறு வயதிலேயே இழந்தார். ஐந்தரை வயதில், 1907இல், அவருக்கும் சிறுவனாக இருந்த வை.மு. பார்த்தசாரதிக்கும் திருமணம் நடந்தது. பாடசாலைக் கல்வி கிடைக்கவில்லை. சென்னை திருவல்லிக்கேணியில் இருந்த புகுந்த வீடு தமிழ்ப் புலமையும் வைணவப் பற்றும் கொண்டது. பாசுரங்களை அவர் கேட்டே கற்றார். கணவர் அவரை நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். அக்காலத்தில் பல வீடுகளில் அது நினைத்தும் பார்க்க முடியாத ஒன்று.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிச் சொல்லியே அவருக்குள் இருந்த எழுத்தாளர் வளர்ந்தார். ஆனால் மனதில் இருந்ததைத் தாளில் இறக்கும் அளவுக்கு அவருக்கு எழுதப் பழக்கமில்லை. அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக் கொடுத்தார். அப்படி உருவான இந்திரமோகனா என்ற நாடகம் 1924இல் நூலாக வெளிவந்தது. அதன் பிறகே அவர் எழுதப் பழகினார் என்பதை நினைக்கும்போது எனக்கு வியப்பாக இருக்கிறது. எழுத்தறிவு இல்லை என்பது பெண்களைப் படைப்புலகத்துக்கு வெளியே நிறுத்தி வைத்த மிகப் பெரிய வேலி. இரண்டு பெண்கள் சேர்ந்து அந்த வேலியைத் தாண்டியிருக்கிறார்கள்.

அடுத்த படிதான் துணிச்சலானது. நின்றுபோயிருந்த ஜகன்மோகினி சஞ்சிகையை 1925இல் அவர் வாங்கினார். வைதேகி என்ற அவரது நாவல் அதில் தொடராக வந்தது. ஒரு பெண் தன் பெயரை வெளிப்படையாகப் போட்டு நாவல் எழுதி, தானே ஆசிரியராக இருந்து சஞ்சிகையும் நடத்துவதை எல்லோரும் வரவேற்கவில்லை. ஏளனமும் வசையும் வந்தன. புனைபெயருக்குள் ஒளிந்துகொண்டிருந்தால் அவற்றைத் தவிர்த்திருக்கலாம். அவர் ஒளியவில்லை.

இங்கே பொருளாதாரமும் உண்டு. பதிப்பாளரிடம் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் எழுத்தாளருக்குப் பேரம் பேசும் பலம் குறைவு. கோதைநாயகியோ வாசகரை நேரடியாகச் சென்றடைந்தார். தொடராக வரும் நாவலின் அடுத்த பகுதிக்காக வாசகர் சஞ்சிகையை எதிர்பார்த்திருந்தார். நாவல் சஞ்சிகையை வாழவைத்தது, சஞ்சிகை நாவலுக்கு இடம் கொடுத்தது. வெளியே சென்று புத்தகம் வாங்கும் வழக்கமில்லாத பெண்களின் கைகளுக்கும் அது வீடு தேடிப் போய்ச் சேர்ந்தது. விதவை மறுமணம், பெண் கல்வி, மதுவின் கேடு ஆகியவை கதைகளாக அடுக்களை வரை சென்றது அப்படித்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அந்த உழைப்பில் 115 நாவல்கள் பிறந்ததாகக் கணக்கிடுகிறார்கள்.

1925இல் காந்தியைச் சந்தித்த பின் பட்டையும் நகையையும் துறந்து கதருக்கு மாறினார். மேடைகளில் பேசினார், பாடினார். கள்ளுக்கடை மறியல், அந்நியத் துணி எதிர்ப்பு எனப் போராட்டங்களில் இறங்கிச் சிறைக்கும் போனார். சிறையிலும் எழுத்து நிற்கவில்லை. உத்தமசீலன் நாவல் அங்கேதான் எழுதப்பட்டது. அவர் உள்ளே இருந்த நாட்களில் சஞ்சிகையைக் கணவர் பார்த்துக்கொண்டார். மனைவியின் வேலையைக் கணவர் சுமந்த அந்தக் காட்சி, அவரது எந்த நாவலுக்கும் குறைந்ததல்ல என்பேன்.

1956இல் ஒரே மகன் சீனிவாசன் இறந்தார். அந்தத் துயரம் அவரை உடைத்தது. காச நோயும் பற்றிக்கொண்டது. 1960 பெப்ரவரி 20ஆம் திகதி அவர் காலமானார். ஆறு ஆண்டுகளின் பின், அவரது தயாநிதி நாவலைத் தழுவி கே.எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கிய சித்தி திரைப்படம் வெளிவந்தது. அந்தப் படத்தை அறிந்த பலருக்கு அதற்குப் பின்னால் இருந்த பெண்ணைத் தெரியாது.

அவசரமாக எழுதினார், ஒரே மாதிரி எழுதினார், அறிவுரை அதிகம் என்பவை அவர்மீது சொல்லப்படும் குறைகள். அவற்றில் நியாயமும் இருக்கலாம். ஆனால் மாதாமாதம் சஞ்சிகையை வெளியிட வேண்டிய ஒருவரின் எழுத்தை, ஓய்வாக இருந்து செதுக்கிய எழுத்தோடு ஒப்பிட்டுத் தள்ளிவிடுவது சரியான அளவுகோல் ஆகாது. முதலில் வாசிக்க வேண்டும், பிறகு தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகளுடன் பதிப்புரிமை முடிகிறது. எனவே 2021 முதல் இந்தியாவில் அவரது நாவல்களை எவரும் தடையின்றி அச்சிடலாம். எதை அச்சிடுவது என்ற தீர்மானம் இப்போது நம் காலத்துப் பதிப்பாளர்களின் கையில் இருக்கிறது.