குமார் ஆனந்தன்

வி. எஸ். குமார் ஆனந்தன் (மே 25, 1943 - ஆகஸ்ட் 6, 1984) இலங்கையின் புகழ்பெற்ற நீச்சல் வீரரும் பல கின்னஸ் உலக சாதனைகளைப் படைத்தவரும் ஆவார். முழுப்பெயர் விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன். ஆழிக்குமரன் ஆனந்தன் என்ற பெயரால் தமிழர்களிடையே பரவலாக அறியப்படுகிறார். 1971 ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, அங்கிருந்து மீண்டும் தலைமன்னாருக்கு நீந்தித் திரும்பி, பாக்குநீரிணைப் பகுதியை இருவழியும் கடந்தவர் என்ற பெயரைப் பெற்றார். தொழிலால் வழக்கறிஞரான இவர், ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியின்போது தமது 41 ஆவது வயதில் உயிரிழந்தார்.

பின்னணி

குமார் ஆனந்தன் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் உள்ள வல்வெட்டித்துறையைச் சேர்ந்தவர். இவ்வூர் நெடுங்காலமாகக் கடலோடிகளின் ஊராக விளங்கி வந்தது. இங்கு கட்டப்பட்ட பாய்மரக் கப்பல்கள் தமிழகக் கரைக்கும் பர்மாவுக்கும் வணிகத்திற்குச் சென்றுவந்தன. அவற்றுள் ஒன்றான அன்னபூரணி அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, 1938 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள குளொசெஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. மீன்பிடியும் கப்பலோட்டமும் வாழ்வாக இருந்த இத்தகைய ஊரில் கடல் நீச்சல் புதுமையன்று. ஆயினும் பிழைப்புக்காக அன்றி, எல்லையை அறிவதற்காகவே கடலில் இறங்கி நீந்துவது வேறு வகையான முயற்சியாகும். அதற்கான முன்மாதிரி குமார் ஆனந்தனின் இளமைக் காலத்திலேயே, அண்டை ஊரிலிருந்து கிடைத்தது.

முன்னோடிகள்

வல்வெட்டித்துறைக்கு அண்மையில் உள்ள தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வல்வெட்டித்துறையிலிருந்து தமிழகத்தின் கோடியக்கரைக்கு நீந்தினார். இதற்கு அவர் ஏறத்தாழ 27 மணிநேரம் எடுத்துக்கொண்டார். பாக்குநீரிணையை முதன்முதலில் நீந்திக் கடந்தவர் இவரே எனக் கருதப்படுகிறது. அப்போது குமார் ஆனந்தனுக்கு வயது 10.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1966 ஏப்ரல் 5, 6 ஆகிய நாள்களில், கொல்கத்தாவைச் சேர்ந்த மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடங்களில் நீந்தினார். மிகிர் சென் 1958 ஆம் ஆண்டிலேயே ஆங்கிலக் கால்வாயைக் கடந்தவர். அவரும் வழக்கறிஞர் தொழிலுக்குப் படித்தவர். அவருடைய பாக்குநீரிணை நீச்சலுக்கு இந்தியக் கடற்படையின் கப்பல்கள் துணை சென்றன.

இவ்விரு நீச்சல்களும் ஒரு கரையில் தொடங்கி மறு கரையில் முடிந்தவை. கரை ஏறியதும் நீந்தியவரின் வேலை முடிந்தது. குமார் ஆனந்தன் மேற்கொண்டது இதிலிருந்து வேறுபட்டது.

பாக்குநீரிணையின் தன்மை

தமிழகத்திற்கும் இலங்கையின் வடபகுதிக்கும் இடையே உள்ள பாக்குநீரிணை, 18 ஆம் நூற்றாண்டில் சென்னையில் ஆளுநராக இருந்த ராபர்ட் பாக் என்பவரின் பெயரைக் கொண்டது. இதன் தென்முனையில், தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவுக்கு மணல் திட்டுகள் தொடராக அமைந்துள்ளன. இத்தொடர் இராமர் அணை அல்லது ஆதாம் பாலம் எனப்படுகிறது. நீந்துவோர் பெரிதும் தெரிவு செய்யும் வழி இதுவே.

இக்கடல் ஆழம் குறைந்தது. நீர் ஆண்டு முழுதும் வெதுவெதுப்பாக இருக்கும். எனவே குளிரால் வரும் ஆபத்து இங்கு குறைவு. ஆனால் ஆழமற்ற, ஒடுங்கிய இடமாகையால் நீரோட்டம் திட்டுகளுக்கிடையே விசையுடன் பாய்கிறது. ஓட்டம் திசை மாறும்போது நீந்துபவர் பல மணிநேரம் கை வீசியும் கரையை நெருங்க முடியாமல் அதே இடத்தில் நிற்க நேரிடும். சொறி எனக் கடலோர மக்கள் அழைக்கும் இழுதுமீன்கள் உடலில் பட்டால் கடும் எரிச்சலை உண்டாக்கும். உப்பு நீர் வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும். பகலில் வெயில் முதுகைச் சுடும். வாடைக்காற்று ஓய்ந்து, சோழகம் வலுக்கும் முன்னர் உள்ள மார்ச், ஏப்ரல் மாதங்களே இங்கு நீந்துவதற்கு ஏற்ற காலமாகக் கருதப்படுகின்றன.

1971 இருவழி நீச்சல்

1964 டிசம்பர் 22 ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி நகரம் அழிந்தது. அதுவரை தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடியது. சென்னையிலிருந்து வந்த தொடர்வண்டியும் கொழும்பு செல்லும் தொடர்வண்டியும் இக்கப்பலால் இணைக்கப்பட்டிருந்தன. 1971 ஆம் ஆண்டு குமார் ஆனந்தன் அவ்வழியே நீந்திச் சென்றபோது மறு கரையில் துறைமுகமும் இல்லை, நகரமும் இல்லை. இடிந்த கட்டடங்களும் மணலுமே இருந்தன.

அவர் தனுஷ்கோடியை அடைந்த பின்னர் மீண்டும் தலைமன்னாரை நோக்கி நீந்தினார். போகவும் வரவும் சேர்த்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவை 51 மணிநேரத்தில் கடந்தார். இதன் பொருள், இரண்டு பகலும் இரண்டு இரவும் கடந்து மேலும் 3 மணிநேரம் அவர் இம்முயற்சியில் இருந்தார் என்பதாகும். சராசரி வேகம் மணிக்கு ஒரு கிலோமீட்டரைவிடச் சற்றே கூடுதல். நீச்சல் போட்டிகளில் கணக்கிடப்படும் வேகத்துடன் ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஆனால் நீரோட்டம் எதிர்க்கும்போது பின்வாங்காமல் நிலைத்திருப்பதும், உறக்கம் அழுத்தும்போது கைகளை நிறுத்தாமல் இருப்பதுமே இத்தகைய நீச்சலின் அளவுகோல்களாகும். இந்நீச்சலில் அமைந்த இருவழி நேரம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் முறியடிக்கப்படாமல் இருந்தது.

தாங்குதிறன் சாதனைகள்

பாக்குநீரிணைக்குப் பின்னர் குமார் ஆனந்தனின் கவனம் தரையில் செய்யப்படும் நீடிப்புச் சாதனைகளின்பால் சென்றது. 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் இவர் படைத்த சாதனைகள் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றன. அவற்றுள் குறிப்பிடத்தக்கவை:

- இடைவிடாது மிதிவண்டி ஓட்டுதல்: 1979 மே 2 முதல் 10 வரை, கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றி 187 மணி 28 நிமிடங்கள். கடந்த தொலைவு 1,487 மைல்கள் (ஏறத்தாழ 2,393 கிலோமீட்டர்).
- குத்துப்பந்தை இடைவிடாது குத்துதல்: 136 மணி 28 நிமிடங்கள். இத்துறையில் 1955 ஆம் ஆண்டு முதல் ஆஸ்திரேலியர் ஒருவரிடம் இருந்த 125 மணி 20 நிமிடச் சாதனையை இது விஞ்சியது.
- டுவிஸ்ட் நடனம்: 128 மணிநேரம்.
- ஒற்றைக் காலில் நிற்றல்: 1980 மே மாதம், கொழும்பு சுதந்திர சதுக்கத்தில் 33 மணிநேரம்.
- உயர உதைத்தல்: 6 மணி 51 நிமிடங்களில் 9,100 உதைகள்.
- படுத்தெழும் பயிற்சி: 2 நிமிடங்களில் 165 தடவைகள்.
- நீரில் நின்றபடி மிதத்தல்: 1981 ஆம் ஆண்டு, சென்னை அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணிநேரம்.

இப்பட்டியலில் படுத்தெழும் பயிற்சி ஒன்றே விரைவைச் சார்ந்தது. உதைகளின் எண்ணிக்கைகூட ஏறத்தாழ 7 மணிநேர உழைப்பின் விளைவாகும். ஏனைய அனைத்தும் எவ்வளவு நேரம் நிறுத்தாமல் இருக்க முடியும் என்பதையே அளக்கின்றன. மிதிவண்டிச் சாதனையில் சராசரி வேகம் மணிக்கு 13 கிலோமீட்டருக்கும் குறைவே; சந்தைக்குச் சென்றுவரும் எவரும் ஓட்டக்கூடிய வேகம்தான். அவ்வேகத்தை ஏறத்தாழ எட்டு நாள்கள் தொடர்ந்ததே சாதனை ஆகும். ஒற்றைக் காலில் நிற்கும் சாதனையின் விதிகள் மேலும் கடுமையானவை. தூக்கிய காலை நின்ற காலின்மீது சாய்க்கக் கூடாது. நிலை தவறாமல் இருப்பதற்காக எதையும் பற்றிக்கொள்ளவும் கூடாது. ஓய்வு இடைவேளையும் இல்லை. இச்சாதனையை 1982 ஏப்ரலில் தமிழ்நாட்டின் சத்தியமங்கலத்தில் என். ரவி என்பவர் 34 மணிநேரம் நின்று முறியடித்தார்.

இத்தகைய முயற்சிகளில் உடலைவிட உறக்கமே முதல் எதிரி. தொடர்ந்து விழித்திருப்பவருக்கு மூன்றாம் நாளளவில் கவனம் சிதறும். இல்லாதவை இருப்பதாகத் தோன்றும். இக்காரணத்தால், உறக்கமின்றி நீண்ட நேரம் விழித்திருத்தல் என்ற சாதனைப் பிரிவையே கின்னஸ் நிறுவனம் பின்னாளில் ஏற்பதை நிறுத்திக்கொண்டது. குமார் ஆனந்தனின் காலத்தில் இதுபற்றிய எச்சரிக்கை குறைவாகவே இருந்தது.

ஆங்கிலக் கால்வாய்

நீள்தொலைவு நீச்சல் வீரர்களுக்கு இங்கிலாந்தின் டோவர் பகுதிக்கும் பிரான்சின் கிரிநே முனைக்கும் இடையே உள்ள ஆங்கிலக் கால்வாய் தலையாய தேர்வாகக் கருதப்படுகிறது. மத்தியூ வெப் 1875 ஆகஸ்ட் மாதத்தில் இதனை 21 மணி 45 நிமிடங்களில் நீந்தினார். தென்னாசியாவிலிருந்து பிரஜேன் தாஸ், மிகிர் சென் ஆகியோர் 1958 ஆம் ஆண்டிலும், ஆரத்தி சாகா 1959 ஆம் ஆண்டிலும் இதனைக் கடந்தனர்.

தொலைவை மட்டும் கணக்கில் கொண்டால், குமார் ஆனந்தனுக்கு இது புதிய அறைகூவல் அன்று. கால்வாயின் மிகக் குறுகிய பகுதி ஏறத்தாழ 33 கிலோமீட்டர். அவர் 1971 ஆம் ஆண்டு நீந்திய தொலைவில் ஏறத்தாழ பாதியே ஆகும். ஆனால் நீரின் வெப்பநிலை முற்றிலும் வேறுபட்டது. பாக்குநீரிணையில் 28 பாகை செல்சியசை ஒட்டி இருக்கும் நீர், ஆங்கிலக் கால்வாயில் கோடைக்காலமான ஆகஸ்டிலும் 16 முதல் 18 பாகை வரையே இருக்கும். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடல் வெப்பத்தை ஈர்த்துக்கொள்கிறது. உடல் வெப்பம் குறையும்போது கைகால்களின் விசை தளர்கிறது, அறிவு மங்குகிறது, இறுதியில் இதயத்தின் துடிப்பே பாதிக்கப்படுகிறது. மன உறுதி மிக்கவருக்கு இது கூடுதல் ஆபத்தைத் தரவல்லது. அவர் நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தமாட்டார். நிறுத்த வேண்டும் என்று உணரும் அறிவையும் குளிர் முன்னதாகவே மங்கச் செய்துவிடும்.

கால்வாய் நீச்சலின் மரபான விதிகளும் கடினமானவை. வழமையான நீச்சல் உடையும் ஒரு தொப்பியும் கண்ணாடியும் மட்டுமே அணியலாம். குளிரைத் தடுக்கும் உடைகளுக்கு இடமில்லை. உடலில் கொழுப்பு பூசிக்கொள்ளலாம். உடன் செல்லும் படகையோ, படகில் உள்ளவர்களையோ தொட்டால் முயற்சி செல்லாததாகிவிடும். ஆகவே நீந்துபவரை எப்போது நீரிலிருந்து தூக்குவது என்ற முடிவு படகில் இருப்போரைச் சார்ந்தது. இன்று இம்முயற்சிக்குப் பதிவு செய்வோர், 16 பாகைக்கு மிகாத நீரில் 6 மணிநேரம் நீந்தியதற்கான சான்றைக் காட்ட வேண்டும். வெப்பமண்டல நாடுகளில் இத்தகைய நீரில் பயிற்சி பெறுவது அரிது.

மறைவு

1984 ஆகஸ்ட் 6 அன்று ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் குமார் ஆனந்தன் உயிரிழந்தார். 1983 சூலை இனக்கலவரம் நிகழ்ந்து ஓராண்டே கடந்திருந்த நேரம் அது. அவருடைய சாதனைகள் பல அரங்கேறிய கொழும்பு நகரமும், அவர் பிறந்த வடகரையும் அமைதியிழந்திருந்தன. இலங்கையின் பெயரில் உலக சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்ற தமிழர் ஒருவரின் மறைவு அச்சூழலில் நிகழ்ந்தது.

கால்வாய் நீச்சலின் நூற்றாண்டைத் தாண்டிய வரலாற்றில் உயிரிழந்தவர்கள் மிகச் சிலரே. குமார் ஆனந்தனுக்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர், 1988 ஆம் ஆண்டு, பிரேசில் நாட்டின் ரெனாட்டா அகோண்டியும் இதே கால்வாயில் உயிரிழந்தார். அவரும் நீள்தொலைவு நீச்சலில் அனுபவம் மிக்கவரே.

பின்வந்தோர்

குமார் ஆனந்தனின் மறைவுக்குப் பின்னரும் பாக்குநீரிணையை நீந்திக் கடப்போர் தொடர்ந்தனர். தமிழ்நாட்டைச் சேர்ந்த குற்றாலீசுவரன் 1994 ஆம் ஆண்டு தமது 12 ஆவது வயதில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். அதே ஆண்டில் ஆங்கிலக் கால்வாயையும் கடந்தார். 2004 ஆம் ஆண்டு வங்காளத்தைச் சேர்ந்த புலா சவுத்ரியும், 2022 மார்ச் மாதத்தில் ஆட்டிசம் உடைய 13 வயதுச் சிறுமி ஜியா ராயும் பாக்குநீரிணையை நீந்தினர்.

இருவழி நீச்சலுக்கான குமார் ஆனந்தனின் 51 மணிநேரச் சாதனையை, 2021 ஏப்ரலில் இலங்கை வான்படையைச் சேர்ந்த ரொசான் அபேசுந்தர முறியடித்தார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 28 மணி 19 நிமிடம் 43 விநாடிகள். நேரம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது எனினும், இருவழியும் நீந்த முடியும் என்பதை 50 ஆண்டுகளுக்கு முன்னரே காட்டியவர் என்ற இடம் குமார் ஆனந்தனுக்கே உரியது.

நினைவு

வல்வெட்டித்துறையில் குமார் ஆனந்தனின் நினைவாக அவருடைய பெயரில் நீச்சல் தடாகம் ஒன்று அமைக்கப்பட்டது. கடலை முற்றத்தில் கொண்ட ஊரில், சிறுவர்கள் முறையாக நீச்சல் பயில்வதற்கான இடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.