எம்டன் கப்பல் தலைவர்

மரக்காணத்து உப்பளக் கரையைத் தழுவும் வங்கக்கடலில், முதல் உலகப்போரின்போது பேரச்சம் விளைத்தது எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல். அதன் தலைவர் கார்ல் ஃபான் மூல்லர் 1873ஆம் ஆண்டு பிறந்தவர். 1914 செப்டம்பர் 22 இரவு அவர் சென்னைத் துறைமுகத்தைக் குண்டுகளால் தாக்கினார். எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, சிலர் மாண்டனர், பலர் நகரை விட்டு நீங்கினர். துணிவும் சூழ்ச்சியும் மிக்கவனை ‘எம்டன்’ என்று அழைக்கும் வழக்கமும் தமிழில் தோன்றியது.

எனினும், தாம் கைப்பற்றிய வணிகக் கப்பல்களில் இருந்தோரை அவர் உயிருடன் விடுவித்தார். அப்பண்பைப் பகைவரும் போற்றினர். நவம்பர் 9இல் கோக்கோசுத் தீவருகே ஆத்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி எம்டனை வீழ்த்தியது. நூற்றுக்கு மேற்பட்ட மாலுமியர் மடிந்தனர். சிறையினின்று மீண்ட மூல்லர், தோழர் சிந்திய குருதியைப் பொருளாக்க விரும்பாது, தம் செயல்களை நூலாக எழுத மறுத்தார், 1923இல் மறைந்தார்.

சென்னை உயர்நீதிமன்றத்திலுள்ள நினைவுக்கல் அவ்விரவை இன்றும் உணர்த்துகின்றது. வீரத்தை வியப்பதோடு அமையாது, மாண்டோரையும் நினைந்து போரை வெறுத்தலே அக்கல் நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.